முட்டைக்குள்ள ஆணா பெண்ணா?

சிறுசேரி சிப்காட்டுல இருந்து கிழக்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினா கடற்கரை. தை, மாசி ராத்திரிகள்ல பங்குனி ஆமைங்க கரையேறி, குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டை போட்டுட்டுப் போயிடும். நாயும் மனுஷனும் எடுத்துடக் கூடாதேன்னு 1970களின் தொடக்கத்துல ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் சென்னைக் கடற்கரையில ராத்திரி ராத்திரி நடந்து, முட்டைகளைச் சேகரிச்சுப் பொரிப்பகத்துல வச்சாங்க. 1988ல அந்த வேலையை மாணவர்கள் கையில எடுத்தாங்க.

நல்ல காரியம்தான். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு.

நமக்கு ஆணா பெண்ணான்னு கருத்தரிக்கும்போதே முடிவாயிடும். ஆமைக்கு அப்படி இல்லீங்க. குழியோட சூடுதான் முடிவு பண்ணும். சுமார் 29, 30 டிகிரிக்கு மேல போனா பெண், கீழ இறங்கினா ஆண். ஊர்வனவற்றுல இப்படி நடக்குதுன்னு 1966ல மாடலின் ஷார்னியேங்கிற பெண்மணிதான் ஓணான் முட்டைகளை வச்சு முதல்ல காட்டினாங்க. ஆமைப் பொரிப்பகங்களுக்கு 1980லேயே எச்சரிக்கை வந்துடுச்சு: குளிர்ச்சியான பெட்டியில முட்டையை வச்சா, காப்பாத்துறோம்னு நினைச்சு ஆண்களா உற்பத்தி பண்ணிடுவீங்க!

நம்ம வடநெம்மேலி முதலைப் பண்ணையிலயும் இதைப் பத்தி ஆராய்ச்சி நடந்திருக்கு. சதுப்புநில முதலை முட்டை 28லிருந்து 31 டிகிரி வரைக்கும் பெண், 32.5 பக்கம் ஆண். ஆமைக்குச் சூடுன்னா பெண், முதலைக்கோ கணக்கே வேற :-)

சூடு எப்படிக் கருவோட பேசுது? 2018ல சிவப்புக்காது ஆமை கருக்கள்ல விடை கிடைச்சுது. குளிர்ல கேடிஎம்6பிங்கிற மரபணு சுறுசுறுப்பா வேலை செய்யுது. அது டிஎம்ஆர்டி1ங்கிற இன்னொரு மரபணு மேல இருக்கற பூட்டைத் திறக்குது. அது திறந்தா விதைப்பை உருவாகும். முதல் மரபணுவை அடக்கினப்போ, ஆணாகவேண்டிய குளிர்லயே பெரும்பாலான கருக்கள் பெண்ணா மாறிடுச்சு. இது நன்னீர் ஆமை. கடலாமைக்கும் அப்படியேன்னு சொல்லிட முடியாது.

அதே 2018ல ஆஸ்திரேலியாவோட வடக்குப் பவளத்திட்டுல இளம் பச்சை ஆமைகள்ல 99 சதவீதத்துக்கு மேல பெண்ணுன்னு கண்டாங்க. ஆணே இல்லாம எத்தனை தலைமுறை ஓடும்?

அதனாலதான் சொல்றேன். பொரிப்பகத்துல ஓலைப்பந்தல் பார்த்தீங்கன்னா நிழலுக்குத்தானேன்னு நினைச்சுக் கடந்து போயிடாதீங்க. இருபது வருஷம் கழிச்சு அந்தக் கரைக்கு ஆமை வருமா வராதாங்கறதுல அந்த ஓலைக்கும் பங்கிருக்கு.