ஊருக்கு டீச்சர், எங்களுக்கு அத்தை

நம் கோவில் எழும்பிய விதம் பற்றியும், இங்குப் பணியாற்றிய குருக்கள் பற்றியும் மற்றவர்கள் இம்மலரில் எழுதுகிறார்கள். பள்ளியைப் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். பள்ளி என்றதும் எங்கள் நினைவுக்கு வந்தது கட்டடமன்று, டீச்சர்தான். ஊருக்கு அவர் டீச்சர். எங்கள் நால்வருக்கும் அப்பாவின் தங்கை. ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால் "அது யார்?" என்று கேட்பவர்களும் 'டீச்சர்' என்றால் உடனே அறிவார்கள் என்பதால், இங்கும் அவ்வாறே எழுதுகிறோம்.

நமது முத்துக்குளித்துறைக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு பழமையானது. புனித சவேரியார் 1542-இல் இக்கரைக்கு வந்தபோது, தமிழறிந்தோர் துணையோடு செபங்களைத் தமிழில் ஆக்கி, பாலர்களைக் கூட்டி மனப்பாடம் செய்வித்தார். வீட்டிற்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அவர்களை ஏவினார். பின்வந்த ஹென்றி ஹென்றிக்கஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிடுவித்த 'தம்பிரான் வணக்கம்', இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழைய நூலாகும். அது நம் கரை மக்களின் ஞானோபதேசத்திற்காக உண்டானது. அப்படியிருந்தும் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழித்து, நம் பாட்டிமார்களில் பெரும்பாலோர் பத்திரத்தில் பெருவிரலைத்தான் உருட்டினார்கள். செபங்கள் எல்லாம் வாயில் இருந்தன, எழுத்து மட்டும் கண்ணுக்கு வரவில்லை. டீச்சருக்கு இது ஆறாத குறை.

அவர் ஈ.எஸ்.எல்.சி. தேறி, கன்னியர் நடத்திய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் தங்கிப் படித்து, ஹையர் கிரேடு ஆசிரியையாக ஊர் திரும்பியவர். அவருக்குத் திருமணம் நிச்சயமாகி, கோவிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. அந்த ஐப்பசியில் கொண்டல் காற்றில் அப்பாவின் கட்டுமரம் கரை திரும்பவில்லை. எங்களில் கடைசித் தம்பி அப்போது தொட்டிலில். இரண்டாம் ஓலை வாசிக்க வேண்டாமென்று அத்தையே பங்குச் சுவாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஓராண்டு பொறுத்திருப்பதாகச் சொல்லியும் அவர் இசையவில்லை என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறோம். அத்தை அதுபற்றி எங்களிடம் பேசியதே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளியில் 'அத்தை' என்று வாய் தவறினால் அடி விழும். தன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சலுகை என்று எவரும் சொல்லிவிடக் கூடாதென்று பிரம்பு முதலில் எங்கள் மேல்தான் இறங்கும். இது நியாயமல்ல என்பது எங்கள் அக்காவின் கட்சி. எண்பது வயதிலும் அக்கா அதை விட்டுக்கொடுக்கவில்லை.

மீன்பாடு நன்றாக இருக்கும் நாட்களில் வகுப்பில் பாதி இடம் காலியாகிவிடும். டீச்சர் வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைக்கே வந்துவிடுவார். கரைமடி இழுக்கும் வரிசையில் நிற்கும் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெரியவர்கள் முணுமுணுத்தாலும் எவரும் தடுத்ததில்லை. 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. மீதி நேரம் குடும்பத் தொழிலைப் பழக வேண்டும் என்று ஏற்பாடு. "அப்பன் தொழிலை அப்பனே சொல்லிக்கொடுப்பான், அதற்குச் சர்க்கார் எதற்கு?" என்றார் டீச்சர். விடுபட்ட பொழுதில் பூவரச மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்தார். மறு ஆண்டே காமராஜர் முதலமைச்சராகி அத்திட்டத்தைக் கைவிட்டார். 1956-இல் மதிய உணவும் வந்தது. அதன்பின் பதிவேட்டோடு கடற்கரைக்குப் போகும் வேலை அவருக்கு வெகுவாகக் குறைந்தது.

இனி நாங்கள் சொல்ல நினைத்ததற்கு வருகிறோம்.

நம் ஊர் ஆண்கள் பலர் அக்காலத்தில் கொழும்பில் இருந்தார்கள். ஜவுளிக்கடைகளில் நின்றார்கள், கணக்கெழுதினார்கள், கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் ஊருக்காக மெழுகுதிரி கொளுத்தினார்கள். முன்பெல்லாம் நினைத்தபோது வந்து போவார்கள். 1949 முதல் இலங்கைக்குப் பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடிகள் வந்தபின், போனவர் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. கடிதமே கணவனாயிற்று. அந்தக் கடிதங்கள் எல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தன. அரிக்கேன் விளக்கடியில் டீச்சர் வாசிப்பார், பெண்கள் கேட்பார்கள், அவர்கள் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுவார். ஊரின் கடன், நோய், கோபம், மோகம் அத்தனையும் அவர் கண்வழியே கடந்து சென்றன. ஒரு சொல் வெளியே வந்ததில்லை.

அவ்வாறு வந்த ஒரு கடிதத்தில், தான் கொழும்பில் வேறொரு குடும்பம் வைத்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். (அவரும் அவர் மனைவியும் இப்போது இல்லை. பிள்ளைகளின் சம்மதத்தோடு எழுதுகிறோம்.) டீச்சர் அந்த வரிகளை விட்டுவிட்டு மீதியை வாசித்தார். அடுத்த கடிதத்திலும் அப்படியே. இவ்வாறு இரண்டு ஆண்டுகள். இரக்கத்தால் செய்தார் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் கொழும்பிலிருந்து திரும்பிய ஒருவர் வாயால் அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அன்று மாலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்றதை நாங்கள் பார்த்தோம். சத்தம் போடவில்லை. "எனக்கு எழுத்துத் தெரியாதுன்னுதானே டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். அத்தையால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடாமல் செபமாலையோடு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

பெண்களுக்கான இரவுப் பள்ளி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அதைப் பங்கின் சாதனை என்று முந்தைய மலர் ஒன்று எழுதியது. பிறந்த காரணம் இதுவாகும். அத்தை பாலபாடத்தை எடுக்கவில்லை. எல்லோருக்கும் மனப்பாடமான அருள் நிறைந்த மந்திரத்தைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி, சொல்லிக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொடச் சொன்னார். வாயில் இருந்த சொல்லைக் கண் தேடிப் பிடித்தது. சிலர் மூன்றே மாதத்தில் தங்கள் பெயரை எழுதினார்கள். மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து சிலேட்டுப் பிடித்தவர்கள் பலர்.

அந்த அம்மாள் முதலில் வரவில்லை. எட்டு மாதம் போல ஆயிற்று. வந்த அன்று ஒன்றும் பேசாமல் பின்வரிசையில் உட்கார்ந்தார். வாசிக்கப் பழகியபின் ஒரு நாள் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய கடிதக் கட்டைக் கொண்டுவந்து, டீச்சருக்கு எதிரே இருந்து ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். விட்டுப்போன வரிகளில் திக்கித் திக்கித்தான் வாசித்தார். ஆனால் எதையும் விடவில்லை. டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கும் ஒரு துணிவு வேண்டும். முடிந்ததும் இருவரும் காப்பி குடித்தார்கள்.

நாங்கள் படித்து, வேலைக்கென்று சென்னைக்கும் பம்பாய்க்கும் பறந்துவிட்டோம். எங்கள் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அத்தையின் சேமநிதிக் கடன். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அவர் கண்ணில் புரை விழுந்து, அறுவை செய்தும் பார்வை சரியாகத் திரும்பவில்லை. எங்கள் கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டியவர் அதே அம்மாள்தான். கிறிஸ்துமசுக்கு வர இயலாது என்று நாங்கள் ஆண்டுதோறும் எழுதிய காரணங்களையும் ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறார். வந்த பதில்கள் ஒவ்வொரு காரணத்தையும் வரிசையாகக் குறிப்பிட்டிருந்ததால் எங்களுக்கு அது தெரியும்.

அம்மா இறந்தபின், வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டு நாங்கள் எழுதினோம். அத்தை சொல்ல அந்த அம்மாள் எழுதிய பதில் எங்களிடம் இருக்கிறது. "வித்துக்கொள்ளுங்கள். என் காலம் முடிந்தபிறகு செய்தால் நல்லது. வாங்குகிறவரிடம் திண்ணையை இடிக்க வேண்டாம் என்று சொல்லவும்." நாங்கள் விற்கவில்லை. ஆயினும் அத்தை மண்ணுக்குப் போன சில ஆண்டுகளில் தெருவை அகலப்படுத்தியபோது திண்ணை போயிற்று.

அந்தக் கடிதத்தை இம்மலரில் படமாகப் போடும்படி மலர்க் குழுவினரிடம் கொடுத்திருக்கிறோம். உருண்டை உருண்டையான பெரிய எழுத்து. இரண்டு எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. கண் தெரிந்திருந்தால் டீச்சர் சிவப்பு மையில் வட்டமிட்டிருப்பார்.