'எவ்வளவு போய்ச் சேரும்?' ஒரு கேள்வி பிறந்த கதை

சுங்கை வேயில் கடை வைத்திருப்பவர்களுக்கு ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்கள் புதிதல்ல. கோயில் திருவிழா, பள்ளிக் கட்டட நிதி, முதியோர் இல்லம் என்று மாதத்துக்கு நாலு பேராவது படியேறுவார்கள். பழகிய கடைக்காரர் கல்லாவைத் திறக்கும் முன் ஒன்று கேட்பார்: "போலீஸ் பர்மிட் இருக்கா, தம்பி?" தர்மம் கேட்டு வந்தவரிடம் போலீஸை இழுப்பது முகத்தில் அடித்தாற்போல் தோன்றலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அது பிறந்ததே ஏமாந்தவர்களின் வயிற்றெரிச்சலில்தான்.

முதல் உலகப் போரின்போது காயம்பட்ட சிப்பாய்களுக்கு, அகதிகளுக்கு, போரில் மாண்டவர் குடும்பங்களுக்கு என்று பிரிட்டன் தெருக்களில் உண்டியல் குலுங்கியது. நல்ல சங்கங்களுக்கு நடுவே கள்ளச் சங்கங்களும் புகுந்தன. 1916இல் இரண்டு சட்டங்கள் வந்தன. போர் நிதி திரட்டும் அமைப்புகள் பதிவு செய்ய வேண்டும் என்றது ஒன்று. தெரு வசூலுக்கு விதி வகுக்க வழிசெய்தது இன்னொன்று. வீடு வீடாகப் போய் வசூலிக்கவும் போலீஸ் உரிமம் வேண்டும் என்று 1939இல் அடுத்த சட்டம் இயற்றினார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, உரிமத்தை எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்ற பகுதி. திரண்ட பணத்தில் அறப்பணிக்குப் போவது மிகக் குறைவாக இருந்தால் மறுக்கலாம். வசூலிப்பவர் எடுத்துக்கொள்ளும் கூலி அளவுக்கு மீறி இருந்தாலும் மறுக்கலாம். ஆள் நல்லவரா என்பதோடு நிற்காமல், கொடுத்ததில் எவ்வளவு போய்ச் சேரும் என்றும் சட்டம் கேட்டது.

மலாயாவுக்கு அந்த ஏற்பாடு 1947இல் வந்தது. வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பதற்கான அந்தச் சட்டம் இன்று மலேசியாவின் சட்டம் 200. கடைக்காரர் கேட்கும் பர்மிட் அதன் கீழ் போலீஸ் கொடுப்பது.

வாசலுக்கு வருகிறவர் தாளைக் காட்டலாம். போனில் பேசுகிறவர் எதைக் காட்டுவார்? அதிலும் பேசுகிறவர் போலீஸ் பெயரையே சொல்லிக் கேட்டால்?

இந்தச் சிக்கல் முற்றிப் பழுத்தது அமெரிக்காவில். காவலர் சங்கம், தீயணைப்பு வீரர் சங்கம் என்ற பெயர்களில் வீட்டுக்குப் போன் போட்டு நன்கொடை கேட்பது அங்கே நெடுநாள் வழக்கம். பேசுகிறவர் பெரும்பாலும் காவலரே அல்ல, சம்பளத்துக்கோ கமிஷனுக்கோ வேலை செய்யும் நிறுவனத்தின் ஆள். திரட்டியதில் எத்தனை சதவீதம் அறநிறுவனத்துக்குப் போனது என்பதை, நன்கொடை கேட்கும் முன்பே இவர்கள் தாமாகச் சொல்ல வேண்டும் என்று வட கரோலினா மாநிலம் சட்டம் போட்டது. 1988இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்படிச் சொல்லக் கட்டாயப்படுத்துவது பேச்சுரிமைக்கு விரோதம் என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது: கொடுப்பவர் கேட்கலாம், பதில் வராவிட்டால் கொடுக்காமல் விடலாம். எனக்கு அந்தத் தீர்ப்பில் மனத்தாங்கல் உண்டு. பாரத்தையெல்லாம் போனை எடுத்த கிழவியின் தலையில் ஏற்றிவிட்டார்கள். ஆனாலும் 'விசாரித்துவிட்டுக் கொடு' என்பது கொடுப்பவரின் வேலையாக மாறியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பொய் சொன்னால் தண்டிக்கலாம் என்று 2003இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த வழக்கில் வியட்நாம் போர் வீரர் அமைப்புக்காகத் திரட்டிய ஒவ்வொரு டாலரிலும் 85 காசு வசூல் நிறுவனத்துக்குப் போயிருந்தது. காவலர், தீயணைப்பு வீரர், முன்னாள் ராணுவத்தினர் பெயரில் போன் போட்டு வசூலித்த ஒரு நியூ ஜெர்சி நிறுவனம், 2010இல் 1 கோடியே 88 லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது.

நம் பக்கம் போலீஸ் பெயர் வேறு விதமாகப் பயன்பட்டது. இங்கே இரக்கத்தைவிடப் பயத்தைத்தான் அதிகம் தூண்டினார்கள். உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறது, உங்கள் ஐ.சி. எண்ணில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, பணத்தைப் 'பாதுகாப்பான' கணக்குக்கு மாற்றுங்கள் என்று மிரட்டும் மக்காவ் மோசடி அது. பணம் போய் விழுவது யாரோ ஒருவர் காசுக்கு வாடகை விட்ட கழுதைக் கணக்கில். அதனால்தான் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தின் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை 'செமாக் மியூல்' தளத்தைத் திறந்தது. வங்கிக் கணக்கு எண்ணையோ போன் எண்ணையோ தட்டினால், அதன் மேல் போலீஸ் புகார் இருக்கிறதா என்று காட்டும். 2022 அக்டோபரில் 997 வந்தது. போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் சேர்ந்து இயங்கும் தேசிய மோசடி மையத்தின் எண் அது. கணக்கை வாடகைக்கு விடுவதைத் தனிக் குற்றமாக்கும் பிரிவுகள் 2024இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன.

ஆகவே ஓய்வுபெற்ற காவலர் நலநிதி, காவலர் குடும்ப விருந்து டிக்கெட் என்று போன் வந்தால், பேச்சை வளர்க்காமல் சங்கத்தின் முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனை வைத்துவிடுங்கள். அவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, நீங்களே தேடி எடுத்த எண்ணில் அந்தச் சங்கத்தை அழையுங்கள். பெயர் சங்கப் பதிவிலாகாவில் இருக்கிறதா, பணம் சங்கத்தின் கணக்குக்குப் போகிறதா, தனி ஆளின் கணக்குக்கா என்று பாருங்கள். வரிவிலக்கு உண்டு என்று சொன்னால், வருமான வரி வாரியத்தின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். உண்மையான சங்கம் இதற்கெல்லாம் கோபப்படாது, நாளைக்குக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். இன்றே, இப்போதே என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

செமாக் மியூலில் புகார் இல்லை என்று வந்தால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். நேற்றுத் திறந்த கணக்கில் புகார் எங்கிருந்து இருக்கும்? ஏமாந்தவர்களும் ஐம்பது வெள்ளிதானே என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பணம் போனது தெரிந்த உடனே 997ஐ அழைத்தால், அடுத்த கணக்குக்குத் தாவும் முன் அதை மடக்க ஒரு வாய்ப்பு உண்டு. பணம் திரும்பாவிட்டாலும், ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு புகார்தான் பக்கத்து வீட்டு அக்கா அதே எண்ணைத் தட்டும்போது அவர் திரையில் வந்து நிற்கும்.