தந்தை வைத்த தொட்டி, மகன் கண்ட விடை

எனக்கு ஒன்பது வயதில் அப்பா ஒரு மீன்தொட்டி வாங்கித் தந்தார். தண்ணீர் நிரப்பி அன்றைக்கே மூன்று தங்கமீன்களை விட்டோம். பத்து நாளுக்குள் மூன்றும் செத்துவிட்டன. "தண்ணி தெளிவாத்தானே கிடக்கு" என்றார் அப்பா. கண்ணூறு என்றார் அம்மா. தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வேறு மீன்கள் வாங்கினோம். அவையும் செத்தன.

ஏன் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்த வரலாற்றிலும் ஒரு தந்தையும் மகனும் இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே பெயர்: ராபர்ட் வாரிங்டன்.

தந்தை லண்டனில் வேதியியலாளர். ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். இலைகள் அழுகி நீர் கலங்கியதும் குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுக்கிறது, செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுக்கிறது என்று 1850இல் எழுதினார்.

அது சரிதான், ஆனால் பாதிக் கதை. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவையும் வெளியேற்றுகிறது. அதற்கு நிறம் இல்லை. பளிங்கு போன்ற நீரிலும் அது மீனைக் கொல்லும்.

அந்த அமோனியா எங்கே போகிறது? 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணல் நிரப்பிய குழாயில் கழிவுநீரை மெல்ல ஊற்றினார்கள். சுமார் 20 நாட்கள் எதுவும் நடக்கவில்லை. பிறகு அமோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோனது. அப்படியானால் இது வெறும் வேதிவினை இல்லை, உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை.

இங்கேதான் மகன் வாரிங்டன் வருகிறார். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் அவர் படித்தது மண்ணை, மீன்களை அல்ல. இந்த மாற்றம் இரண்டு படிகளில் நடக்கிறது என்று காட்டினார்: ஒருவகை நுண்ணுயிரி அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். ஆனால் அந்த உயிரிகளைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890இல் சூரிச்சில் இருந்த வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். தந்தையின் தொட்டி மணலிலும் அதே வேலை நடந்திருக்கும். அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

கண்ணுக்குத் தெரியாததை அளக்கும் வழியும் அந்தக் காலத்திலேயே வந்தது. அமோனியா இருந்தால் மஞ்சளாகும் கரைசலை நெஸ்லர் 1856இல் தந்தார். மதுபான ஆலையில் வேலை செய்த கிரீஸ் என்ற வேதியியலாளர், நைட்ரைட்டைச் சிவப்பாக்கிக் காட்டும் சோதனையை 1879இல் வெளியிட்டார். இன்று கடையில் வாங்கும் டெஸ்ட் கிட்டில் நைட்ரைட் குழாய் இளஞ்சிவப்பாவது அதே வழியில்தான்.

கதை இன்னும் முடியவில்லை. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது, எல்லோரும் நினைத்த நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்று 1998இல் தெரிந்தது. நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் இரண்டு படிகளையும் தாமே செய்துவிடும் என்பது 2015இல் தெரிந்தது.

எங்கள் வீட்டில் நடந்தது இப்போது புரிகிறதா? அந்த நுண்ணுயிரிகள் பெருக நாலைந்து வாரங்கள் ஆகும். நாங்கள் ஒருநாள்கூடக் காத்திருக்கவில்லை. பிறகு தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வரத் தொடங்கியவற்றையும் விரட்டிவிட்டோம்.

நீங்கள் தொட்டி வைத்தால் முதலில் டெஸ்ட் கிட் வாங்குங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூச்சியத்துக்கு வரட்டும், நைட்ரேட் தெரியட்டும். மீன் அதற்குப் பிறகு. ஃபில்டர் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள்; தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுங்கள்.

போன வருடம் அப்பாவுக்கு ஒரு தொட்டி வைத்துக் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பவர் இப்போது அவர்தான்.