நீலகேசியும் பூதவாதியும்

பின்னலாடை எந்திரங்களின் ஓசை ஓயாத நல்லூர், இன்று திருப்பூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. அதற்கு வடகிழக்கே விசயமங்கலத்தில் சந்திரபிரப தீர்த்தங்கரர் கோயில் நிற்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரை அவ்வூரோடும், நன்னூல் செய்த பவணந்தி முனிவரைச் சீனாபுரத்தோடும் இணைத்துப் போற்றுவது கொங்கு மரபு. காவியமும் இலக்கணமும் மட்டுமல்ல. உணர்வு என்பது யாது என்னும் வினாவையும் தமிழ்ச் சமணர் தமிழிலேயே ஆராய்ந்தனர். அதற்குச் சான்று நீலகேசி.

ஆசிரியர் பெயர் தெரியாத அந்நூலின் இறுதிப் பகுதி பூதவாதச் சருக்கம். பிசாசகன் என்னும் பூதவாதியோடு நீலகேசி அதில் வாதிடுகிறாள். பூதங்கள் கூடினால் அறிவு பிறக்கும், பிரிந்தால் அழியும் என்பது பூதவாதம். ஆத்திப்பூவும் வெல்லமும் பிறவும் கூடிக் கள்ளின் வெறி தோன்றுவது அவ்வாதத்திற்குரிய உவமை. மணிமேகலையிலும் இது உண்டு. எளிதில் தள்ளத்தக்க உவமையன்று.

சமணம் இதற்கு விடை தேடிய முறை நுட்பமானது. அது உடலைப் பொய்யென்று ஒதுக்கவில்லை. கண்ணும் செவியும் புற்கலம்; ஒலி புற்கலம்; உயிரைப் பற்றும் வினையும் புற்கலமே. இவ்வளவையும் சடப்பொருளுக்கு விட்டுக்கொடுத்த பின்னரே, காட்சியும் ஞானமுமாகிய உபயோகம் சீவனின் இலக்கணம் என்று அது கோடு கிழிக்கிறது. சாயப்பட்டறையில் இரு சாயங்கள் கலந்தால் மூன்றாம் நிறம் பிறக்கும். அந்நிறத்தைக் காணும் காட்சி எந்தத் தொட்டியிலும் கலக்கப்பட்டதன்று.

1995-இல் டேவிட் சால்மர்ஸ் என்னும் ஆஸ்திரேலிய மெய்யியலார், மூளையின் செயல்களையெல்லாம் விளக்கிய பின்னும் அனுபவம் ஏன் உண்டாகிறது என்பது எஞ்சும் என்றார். அதனை அவர் கடினச் சிக்கல் என அழைத்தார். அவர் சீவனை ஏற்றவரல்லர். ஆகவே இயற்பியல் சமணத்தை மெய்ப்பித்துவிட்டதெனக் கொண்டாடுவது மிகை. வினா ஒன்றே; விடைகள் வேறு.

நீலகேசியைச் சமயதிவாகர வாமன முனிவர் உரையுடன் 1936-இல் பதிப்பித்தவர் தமிழ்ச் சமணரும் மெய்யியல் பேராசிரியருமான அ. சக்கரவர்த்தி நயினார். மறுக்கப்பட்டோரின் குரலையும் அந்நூல் காத்துவந்தது. முழுமையாகக் கிடைக்காத பௌத்த காவியமான குண்டலகேசியின் சில பாடல்கள் இவ்வுரையின் வாயிலாகவே எஞ்சின. பூதவாதியின் வாதமும் தமிழில் அவனை மறுத்தோரின் ஏடுகளிலேயே வாழ்கிறது.