குதிரை வண்டியும் சோப்புப் பெட்டியும்

1901ஆம் ஆண்டு, லண்டன் விக்டோரியா தெருவில் ஓர் உணவகம். சாப்பிட வந்த எஞ்சினியர் ஒருவர், மெத்தை தைத்த நாற்காலியின் முதுகில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்துப் பலங்கொண்ட மட்டும் உறிஞ்சினார். புரையேறி இருமினார். கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தபோது, நாற்காலியைத் தொட்டிருந்த பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம். நினைத்த காரியம் முடிந்தது.

அவர் பெயர் ஹியூபர்ட் செசில் பூத். பாலம் கட்டுவதிலும் ராட்சத ராட்டினங்கள் அமைப்பதிலும் பெயர் எடுத்தவர். வியன்னாவில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் பெரிய ராட்டினத்தில் அவர் உழைப்பும் உண்டு. இப்படிப்பட்டவர் தூசுக்கு வந்து சேர்ந்தது தற்செயல். லண்டன் எம்பயர் மியூசிக் ஹாலில் ஓர் அமெரிக்க இயந்திரத்தின் செயல்விளக்கம் நடந்தது. அழுத்தப்பட்ட காற்றைப் பீய்ச்சி அடித்துக் கம்பளத்திலிருந்து தூசைக் கிளப்புவது அதன் வேலை. கிளம்பிய தூசில் கொஞ்சம் பெட்டிக்குள் போனது. மிச்சம் சுற்றி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று பூத் கேட்டார். நடக்காத காரியம் என்று அந்த இயந்திரத்தைச் செய்தவர் கோபித்துக்கொண்டாராம். அந்தக் கோபத்துக்குப் பதில்தான் கைக்குட்டை.

உறிஞ்சும் யோசனை உலகத்துக்கே புதிது என்று சொல்ல முடியாது. 1869இலேயே சிகாகோவில் ஐவ்ஸ் மெக்காஃபி என்பவர் கையால் சுழற்றும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஒரு கையால் பிடியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் தள்ள வேண்டும், பெருக்குவதைவிடக் கஷ்டம். பூத் செய்தது வேறு. தூசைத் துணி வழியே வடிகட்ட வேண்டும், அதற்கு மோட்டார் பலம் வேண்டும் என்று கண்டுகொண்டார். ஆனால் அவர் கட்டிய இயந்திரம் வீட்டுக்குள் நுழையாது. சிவப்புச் சாயம் பூசிய பெரிய வண்டி, அதில் எஞ்சினும் பம்பும். குதிரை இழுத்துக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தும். சீருடை போட்ட ஆட்கள் நீண்ட குழாய்களை ஜன்னல் வழியே உள்ளே விட்டு, மெத்தையையும் திரைச்சீலையையும் கம்பளத்தையும் உறிஞ்சி எடுப்பார்கள். அவர் இயந்திரத்தை விற்கவில்லை. சுத்தம் செய்துகொடுக்கும் சேவையை விற்றார். எஞ்சின் சத்தத்தில் தெருக் குதிரைகள் மிரண்டன என்று வழக்குகூட வந்தது. பணக்காரச் சீமாட்டிகள் தோழிகளைத் தேநீருக்கு அழைத்து, தங்கள் வீட்டுத் தூசு வெளியே போவதை வேடிக்கை காட்டினார்கள். விருந்தாளிகளுக்கு முன்னால் வீட்டு அழுக்கைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ள வைத்த பொருள் வேறு ஏதாவது உண்டா என்று தெரியவில்லை. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் விரித்த கம்பளத்தைச் சுத்தம் செய்ததும் இதே வண்டிதான். அதற்குப் பிறகு பூத்துக்கு யாரிடமும் சிபாரிசு கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மோட்டார் ஓரிடத்தில் நிற்கிறது, குழாய் மட்டும் அழுக்கைத் தேடிப் போகிறது.

இனி அமெரிக்கா. ஓஹியோ மாநிலம் கேன்டன் ஊரில் சோலிங்கர் என்ற பல்பொருள் அங்காடி. அங்கே இரவில் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தார் ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்ளர். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அறுவடைக் கருவி, வைக்கோல் வாரி என்று முன்பே காப்புரிமைகள் எடுத்து, எதிலும் காசு பார்க்காதவர். கம்பளம் பெருக்கும்போது கிளம்பும் தூசு அவருடைய ஆஸ்துமாவைக் கிளப்பிவிட்டது. வேலையை விடவும் முடியாது, மூச்சு விடவும் முடியாது. 1907இல் கையில் கிடைத்ததைக் கொண்டு ஒன்று செய்தார்: பழைய மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கட்டை, தூசு சேர ஒரு தலையணை உறை. பெட்டிக்கு அடியில் மோட்டாரோடு சேர்ந்து சுழலும் பிரஷ் ஒன்றையும் பொருத்தினார். கட்டையோடு நிமிர்ந்து நிற்கும் இந்த வகையை அப்ரைட் என்பார்கள். அதன் உயிர்நாடியே அந்தப் பிரஷ்தான்.

பூத்தின் வண்டிக்கும் இதற்கும் உறவே இல்லை. இது துடைப்பத்தின் பிள்ளை. கட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தள்ள வேண்டும். மோட்டாரும் பையும் கையோடு கூடவே வரும். குழாய் கிடையாது.

1908 ஜூன் 2ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. ஸ்பாங்க்ளருக்கு வேண்டப்பட்ட சூசன் ஹூவர் அந்தக் கருவியை வீட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கணவரிடம் சொன்னார். கணவர் வில்லியம் ஹூவருக்குக் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்யும் தொழில். மோட்டார் கார் வந்துகொண்டிருந்த காலத்தில் சேணம் செய்பவருக்கு வேறு வழி தேட வேண்டிய அவசியம் இருந்தது. காப்புரிமையை வாங்கினார், ஸ்பாங்க்ளரைத் தன்னோடு வைத்துக்கொண்டு ராயல்டியும் கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் இதழில் விளம்பரம்: பத்து நாள் வீட்டில் வைத்து இலவசமாக ஓட்டிப் பாருங்கள். கேட்டவர்களுக்கு நேரே அனுப்பாமல் அந்தந்த ஊர்க் கடைக்காரர் மூலமாக அனுப்பினார். கடைக்காரர்கள் அப்படியே ஏஜெண்டுகள் ஆனார்கள். பிரிட்டனில் பின்னாளில் இந்தக் கருவிக்கே பொதுப்பெயர் ஹூவர் என்று ஆகிவிட்டது. பூத் பிறந்த நாட்டில், பூத் பெயரால் அல்ல!

பழைய ஹூவரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பிரஷ் கிளப்பும் அழுக்கு முதலில் மோட்டார் சுழற்றும் விசிறிக்குள் நுழைந்து, அதன் இறக்கைகளைத் தாண்டித்தான் பைக்குப் போகும். வழி குறுகியது என்பதால் காற்று தாராளமாக ஓடும். கம்பள முடிகளுக்குள் புதைந்த மணல்வரை வந்துவிடும். ஆனால் கம்பளத்தில் ஒரு நாணயமோ திருகாணியோ கிடந்தால் நேரே விசிறி இறக்கையில் போய் அடிக்கும். அந்த டணார் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இப்போதைய அப்ரைட்டுகள் பலவற்றில் அழுக்கை வடிகட்டிய பிறகே காற்று விசிறிக்கு வருகிறது. 1926இல் ஹூவர் பிரஷ் உருளையில் உலோகக் கட்டைகளையும் சேர்த்தது. கம்பளத்தைத் தட்டு, பெருக்கு, உறிஞ்சு: மூன்று வேலையும் ஒரே தள்ளலில்.

உருளைக்குள் மோட்டாரும் கையில் குழாயுமாக இருக்கும் சிலிண்டர் வகை பிறந்தது ஸ்வீடனில். இளைஞர் ஆக்செல் வென்னர்-கிரென் 1908இல் வியன்னாவில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் வேக்குவம் கிளீனரைப் பார்த்தார். (பூத்தின் ராட்டினம் நிற்கும் அதே வியன்னா.) பெரியது, எடை மிக்கது, விலையும் அதிகம், சிறியதாக்கினால் ஒவ்வொரு வீட்டிலும் விற்கலாம் என்று பட்டது. 1912இல் வந்த லக்ஸ் 1, 14 கிலோ. 1919இல் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து எலக்ட்ரோலக்ஸ் ஆனது. 1921இல் மாடல் V: உருளையைப் படுக்கப்போட்டு, அடியில் பனிச்சறுக்கு வண்டிக்கு உள்ளதுபோல இரண்டு உலோகச் சட்டங்கள். குழாயைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே வழுக்கி வரும். வீடு வீடாகப் போய்ச் செய்து காட்டி, தவணையில் கொடுத்தார்கள். பூத்தின் வண்டி குதிரையைக் கழற்றிவிட்டு, சுருங்கி, வாசற்படி தாண்டி உள்ளே வந்துவிட்டது என்றே இதைச் சொல்வேன். மோட்டார் ஓரத்தில், குழாய் கையில், அமைப்பு மாறவில்லை. நீண்ட குழாய் வழியே இழுக்க வேண்டியிருப்பதால் இதற்கு உறிஞ்சும் அழுத்தம் அதிகம் தேவை. அழுக்கு பையில் தங்கி, காற்று மட்டும் விசிறியைத் தொடும்.

ஆக, அப்ரைட், சிலிண்டர் இரண்டில் எது மேல் என்ற சண்டையைத் தீர்த்தது எஞ்சினியர்கள் அல்ல, தரைகள். போருக்குப் பிந்திய அமெரிக்காவில், ஜார்ஜியாவின் டால்டன் ஆலைகள் மலிவான கம்பளத்தைக் கொட்ட, சுவருக்குச் சுவர் கம்பளம் வந்தது. அங்கே அப்ரைட் ராஜா. ஐரோப்பாவின் மரத் தரைகளில், நடுவே மட்டும் விரிப்பு போட்ட வீடுகளில், சிலிண்டர். பிரிட்டன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அறையில் கம்பளம், சமையலறையில் வழுவழுத் தரை, நடுவே குறுகிய மாடிப்படி. அதனால்தான் அப்ரைட்டா சிலிண்டரா என்ற கேள்வி அங்கே குடும்பங்களில் இன்னமும் ஓயவில்லை. மாடிப்படியில் அப்ரைட்டைத் தூக்கிக்கொண்டு ஏறுவது தண்டனை. மறுபக்கம், சிலிண்டரை இழுத்துக்கொண்டு குனிந்து குனிந்து வேலை செய்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

பை அடைத்துக்கொண்டால் இரண்டுமே சோர்ந்துபோகும். அந்த எரிச்சலில்தான் ஜேம்ஸ் டைசன் 1970களின் இறுதியில் இறங்கினார். மர ஆலையில் தூளைச் சுழற்றிப் பிரிக்கும் கூம்பைப் பார்த்துவிட்டு, பையே இல்லாத கருவிக்காக 5,127 மாதிரிகள் செய்தார். தன் பெயரில் அவர் பிரிட்டனுக்கு முதலில் கொடுத்த டிசி01 (1993) அப்ரைட். இரண்டே ஆண்டில் டிசி02 என்று சிலிண்டரையும் விட வேண்டியிருந்தது. புயலையே பெட்டிக்குள் அடைத்தவராலும் அந்த வீட்டுச் சண்டையை முடிக்க முடியவில்லை.

நம் பக்கம் வந்த கதைக்கும் ஸ்வீடன்தான் ஊற்று. 1982இல் ஃபோர்ப்ஸும் எலக்ட்ரோலக்ஸும் கூட்டுச் சேர்ந்து யுரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கின. டை கட்டிய இளைஞர்கள் யூரோகிளீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னையிலும் கோவையிலும் படி ஏறி இறங்கினார்கள். தரையைப் பெருக்கிக் காட்டிப் பிரயோஜனம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். சிமெண்டுத் தரையையும் மொசைக்கையும் நம் துடைப்பம் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடும். ஆகவே நேரே படுக்கையறைக்குப் போய், குழாய் முனையில் வெள்ளைத் துணி வைத்து மெத்தையை உறிஞ்சிக் காட்டுவார்கள். துணியில் படிந்ததைப் பார்த்த வீட்டுக்காரம்மா அப்புறம் அந்த மெத்தையில் நிம்மதியாகப் படுக்க முடியாது. விற்பனை அங்கேயே பாதி முடிந்தது.

அப்ரைட் இங்கே எடுபடாததற்கும் நம் தரைதான் காரணம். அப்ரைட்டின் முக்கிய வேலையே தரைதான். நம் வீட்டில் கருவிக்கு வேலை தரைக்கு மேலே: சோபா இடுக்கு, ஜன்னல் கொசுவலை, அலமாரித் தலை, மூலை ஒட்டடை, மெத்தை. டைல்ஸ் தரையில் சுழலும் பிரஷ் அரிசியையும் பருப்பையும் உறிஞ்சுவதற்கு முன் நாலு பக்கமும் தெறிக்க விடும். குழாய்க்காரன் இதற்கெல்லாம் பொருத்தம். ஆனாலும் பல வீடுகளில் அந்தச் சிலிண்டர் போகிக்கும் தீபாவளிக்கும் மட்டும் பரணிலிருந்து இறங்குகிறது. குழாயை மாட்டி, முனையைத் தேடி, பிளக் எட்டும் இடம் பார்த்து முடிப்பதற்குள் வேலைக்கார அம்மா பெருக்கிவிட்டுப் போய்விடுவார்.

இப்போது கடைகளில் மூன்றாவதாக ஒன்று நிற்கிறது: மோட்டார், பேட்டரி, தூசுக் கிண்ணம் எல்லாம் கைப்பிடியிலேயே இருக்கும் குச்சி வகை. பரணுக்குப் போகாது என்பது அதன் பெரிய குணம். ஆனால் ஒட்டடைக்காக மேலே தூக்கிப் பிடித்தால் முழு எடையும் மணிக்கட்டில். நாலு அறையும் வயதானவர்களும் உள்ள வீட்டுக்கு நான் இன்னும் சிலிண்டரைத்தான் சொல்வேன். ஹாலில் பெரிய கம்பளம் போட்டு, முடி கொட்டும் நாயும் வளர்ப்பவர்கள், மோட்டாரோடு சுழலும் பிரஷ் உள்ள முனையையும் அதோடு கேட்டு வாங்கலாம். ஸ்பாங்க்ளரின் பிரஷ்ஷை பூத்தின் குழாயில் மாட்டியதுபோல.

அட்டையில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது கருவி குடிக்கும் மின்சாரம், உறிஞ்சும் பலம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1,600 வாட்டுக்கும், 2017இல் 900 வாட்டுக்கும் உச்சவரம்பு வைத்தது. தடைக்கு முன் வாங்கிவிட வேண்டும் என்று பிரிட்டனில் கடைகளுக்கு ஓடினார்கள். அப்புறம் 900 வாட் கருவிகளும் கம்பளத்தைச் சுத்தம் செய்யத்தான் செய்தன. வாட்டுக்குப் பதில், கட்டில் சட்டத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். கடையில் முனையைத் தரையில் படுக்கவைத்து அந்த உயரத்துக்குள் நுழைகிறதா என்று பாருங்கள். பை உள்ள கருவியானால், அதே பை மூன்று வருஷம் கழித்தும் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று பில் போடுமுன் கேட்டுவிடுங்கள்.