கணனிப் பொறியியல் முதுமாணிக் கல்வியும் மொழியும்: ஒரு வரலாற்று நோக்கு

களனி கங்கையின் வடகரையில் அமைந்த பேலியகொடை, இன்று மொத்த விற்பனைச் சந்தைகளாலும் கட்டுநாயக்கா நெடுஞ்சாலையின் தொடக்கமாகவும் அறியப்படும் ஊராகும். ஆயினும் இலங்கையின் உயர்கல்வி வரலாற்றிலும் அதற்கு ஓரிடமுண்டு. 1875ஆம் ஆண்டு இரத்மலானை தர்மாலோக தேரர் அங்கு நிறுவிய வித்தியாலங்காரப் பிரிவேனா, 1959இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகி, 1978இல் களனிப் பல்கலைக்கழகம் என்னும் பெயரைப் பெற்றது. பாளியும் சமஸ்கிருதமும் ஓதப்பட்ட பிரிவேனாவின் வழிவந்த இந்நிறுவனத்தில் 1967இல் விஞ்ஞான பீடமும், 2010களின் நடுப்பகுதியில் கணனியியலுக்கும் தொழினுட்பத்துக்குமான பீடமும் தோன்றின. சுயமொழிக் கல்வியின் நிலைக்களனாயிருந்த ஓரிடத்தில் ஆங்கிலவழிக் கணனிக் கல்வி வேரூன்றியமை ஒரு வினாவை எழுப்புகின்றது. ஓர் அறிவுத்துறை உயர்நிலையை எய்துங்கால் நம் மொழி ஏன் பின்தங்கி விடுகின்றது?

முதலில் அத்துறையின் இயல்பை நோக்குவோம். 'ரோபோ' என்னுஞ் சொல் செக் நாட்டெழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகமொன்றினூடாக உலகிற் பரவியது; கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லொன்றே அதன் அடி. 1961இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையில் 'யுனிமேற்' என்னும் இயந்திரக் கை பணியிலமர்த்தப்பட்டபோது நாடகக் கற்பனை தொழிற்றுறை உண்மையாயிற்று. இயந்திரவியல், இலத்திரனியல், கட்டுப்பாட்டியல், கணனி நிரலாக்கம் ஆகியவை கூடுமிடமே ரோபோவியல். இளமாணி நிலையிற் பெரும்பாலும் தனித்தனியே பயிலப்படும் இவை முதுமாணி நிலையிலேயே முழுமையாக இணைகின்றன. அன்றியும், பிறர் கண்டதைக் கற்ற மாணவன் ஆய்வேட்டின் வாயிலாகப் புதியதொன்றைக் காண முற்படுவதும் அந்நிலையிலேயாம். எனவே அங்கு வழங்கும் மொழி, அறிவு பிறக்கும் மொழியாகின்றது.

நவீன விஞ்ஞானத்தைத் தமிழில் உயர்நிலையிற் கற்பித்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். தம் மாணவரின் துணையுடன் 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களைத் தமிழாக்கினார். இரசாயனவியலுக்குக் 'கெமிஸ்தம்' எனப் பெயரிட்டமை நோக்கற்பாலது. பொருத்தமான சொல் கிட்டும்வரை போதனை காத்திருக்கவில்லை. பிறமொழிச் சொல்லுக்குத் தமிழுருக் கொடுத்துப் பாடம் தொடர்ந்தது. எனினும் 1873இல் அவர் தாயகம் திரும்பிய பின்னர் அம்முயற்சி நிலைபெறவில்லை. நூல்கள் இருந்தன; அவற்றைத் தொடர்ந்து புதுப்பிக்கும் நிறுவனம் இருக்கவில்லை. இதுவே அவ்வரலாறு தரும் முதற் பாடம்.

இரண்டாம் முயற்சி அரசினுடையது. 1940களிற் பாடசாலைகளிற் கால்கொண்ட தாய்மொழிக் கல்வி, 1960இற் பல்கலைக்கழகக் கலைப் பீடத்தை எட்டியது. அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானக் கலைச்சொற்றொகுதிகளையும் பாடநூல்களையும் தமிழில் வெளியிட்டது. ஆனால் சுயமொழி இயக்கம் 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்திற் சென்று முடிந்தமையால், தாய்மொழியின் வெற்றி எனப்பட்டது தமிழருக்கு இழப்பாகவும் அமைந்தது. மேலும், பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நிலைத்தன. உயர்தரம் வரை தமிழில் விஞ்ஞானம் பயின்ற மாணவன் பீடத்தின் வாயிலில் மொழி மாறவேண்டியவனானான்.

கணனிக் கல்வி இப்பிளவு நிலைபெற்ற பின்னரே வந்தது. பேராசிரியர் வி. கே. சமரநாயக்கா முன்னின்ற முயற்சியால் 1983இல் தேசிய கணனிக் கொள்கை வகுக்கப்பட்டது. மொறட்டுவையில் 1985இற் கணனி விஞ்ஞான, பொறியியற் றுறையும், கொழும்பில் 1987இற் கணனித் தொழினுட்ப நிறுவகமும் உருவாயின. பின்னையது 2002இற் கொழும்புப் பல்கலைக்கழகக் கணனிக் கல்லூரியின் தோற்றத்துக்கு வழிவகுத்தது. இத்துறையின் நூல்களும் ஆய்விதழ்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளமையின், அம்மொழியைத் தவிர்த்து இதனைப் பயில்வது இயலாது. அவ்வாறு தவிர்க்குமாறு கோருவது மாணவருக்குத் தீங்கேயாகும்.

ஆனால் தமிழுக்கு அங்கு இடமில்லையென்று முடிவுகட்டுதலும் தவறு. மாந்தருடன் பேசிப் பணிபுரியவேண்டிய ரோபோவுக்கு மாந்தரின் மொழி தெரிந்திருத்தல் வேண்டும். தமிழில் இட்ட கட்டளையை அது விளங்கிக்கொள்ளவேண்டுமாயின், தமிழின் ஒலியமைப்பு, புணர்ச்சி, வேற்றுமை, பேச்சுவழக்கு ஆகியவை ஒழுங்குற ஆராயப்பட்டுக் கணனிக்கு ஏற்ற வடிவிற் றரப்படல் வேண்டும். யாழ்ப்பாணத்தார் பேச்சும் மட்டக்களப்பார் பேச்சும் மலையகத்தார் பேச்சும் வேறுபடும் நாட்டில் இது சிறு பணியன்று. பொறியியலாளர் தனித்து ஆற்றக்கூடியதுமன்று. மொழியியலும் இலக்கணமும் கற்ற கலைப்பீடத்தாருக்கு இங்கே உரிய இடமுண்டு.

எனவே நம் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இரு பணிகளை மேற்கொள்ளலாம். முதுமாணி ஆய்வேடு ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு சுருக்கவுரை எழுதுவித்து ஆண்டுதோறும் தொகுத்தல் ஒன்று. அவற்றில் எழும் சொற்களைத் திரட்டி, கிறீன் காட்டிய துணிவுடன் வழக்கிற் கொணர்தல் மற்றொன்று. மானிப்பாயில் ஒரு மனிதரோடு நின்றுபோன பணியை, தலைமுறை தோறும் மாணவர் மாறினும் மாறாது நிற்கும் சங்கம் ஏற்றல் தகும். ஆங்கிலத்திற் பிறக்கும் அறிவு தமிழிலும் வாழ அதுவே வழியாகும்.