விலைபோகாத பாடல்கள்: ஜோனி காஷின் 1959 இசைத்தட்டு

1950களின் நடுப்பகுதியில் மெம்பிஸ் நகரின் சன் றெக்கோட்ஸ் நிறுவனத்துக்குச் சென்ற ஜோனி காஷ், தம்மை நற்செய்திப் பாடகர் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார். அத்தகைய பாடல்களைத் தம்மால் விற்க முடியாது என்று கூறிவிட்டார் உரிமையாளர் சாம் பிலிப்ஸ். போய்ப் பாவஞ்செய்துவிட்டு விலைபோகும் பாட்டொன்றுடன் திரும்பிவரும்படி அவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. காஷ் அதனைப் பிற்காலத்தில் மறுத்தார். ஆயினும் கதை சாகவில்லை. சுவையான பொய்யைக் கைவிட எங்கள் தொழிலில் எவருக்கும் மனம் வருவதில்லை.

காஷ் ஏன் அந்தப் பாடல்களை விடாப்பிடியாகக் கேட்டார்? பதிலைத் தேட ஆர்கன்சோ மாநிலத்தின் டையஸ் குடியேற்றத்துக்குச் செல்லவேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் நொடிந்த விவசாயிகளுக்கென அரசு அமைத்த குடியேற்றம் அது. 1935இல் காஷ் குடும்பம் அங்கு சென்று பருத்தி பயிரிட்டது. தாயார் கரி பக்திப் பாடல்களைப் பாடுவார். பிள்ளைகளும் உடன் பாடுவர். போதகராக வேண்டுமென்றிருந்த தமையன் ஜக், 1944 மே மாதத்தில், வேலிக் கட்டைகள் அறுக்கையில் வாளில் அகப்பட்டுப் படுகாயமடைந்தார். ஒரு வாரத்தின் பின் உயிர் பிரிந்தது. அடக்கத்திற்கு மறுநாளே குடும்பம் பருத்தி வயலில் நின்றது. அப்போது ஜோனிக்கு வயது 12. தமையன் செய்யவிருந்த பணியின் ஒரு பங்கைத் தாம் பாட்டால் செய்யவேண்டுமென்ற கடன் அவர் நெஞ்சில் அன்றே விழுந்தது என்பது என் எண்ணம்.

1958இல் காஷ் கொலம்பியா நிறுவனத்துக்கு மாறினார். பக்திப் பாடல் தட்டொன்றுக்கு அவர்கள் இணங்கியமை ஒரு காரணம். சன் கொடுத்த 3 சதவீத உரிமைப்பணம் 5 ஆகியமை மற்றொன்று. பக்தியையும் பணத்தையும் ஒரே மூச்சில் சொல்லுவது சிலருக்கு உறுத்தலாம். குடும்பஸ்தரான காஷுக்கு இரண்டும் தேவைப்பட்டன.

'ஹிம்ஸ் பை ஜோனி காஷ்' 1959இல் வெளிவந்தது. 12 பாடல்கள்; பழைய தேவகானங்களோடு காஷே எழுதியவையும் உண்டு. லூதர் பெர்கின்ஸின் கிற்றாரும் மார்ஷல் கிராண்டின் பாஸும் 'கன்ரி' இசையின் ஓட்டத்தைக் காக்கின்றன. குறை ஒன்றுண்டு: குரல் அளவுக்கு மீறி அடக்கமாக ஒலிக்கிறது. கோவிலில் புதுச் சட்டையோடு நிற்கும் இளைஞனின் கூச்சம் அதில் தெரிகிறது. 1968இல் ஃபோல்சம் சிறைக்கைதிகள் முன் பாடியபோதிருந்த அனல் இங்கில்லை. 1960களில் போதை மாத்திரைகளுக்கு அடிமையாகி அவர் பட்ட அவமானம் இந்தத் தட்டுக்குப் பிந்தியது.

2003 செப்டெம்பரில் காஷ் காலமானார். தாயாரின் பாட்டுப் புத்தகத்திலிருந்து அவர் தனிக் கிற்றாருடன் பாடிவைத்த 15 பாடல்கள் 2004இல் தனித்தட்டாக வெளிவந்தன. தாம் செய்தவற்றுள் தமக்கு மிகப் பிடித்தது அதுவே என்று அவர் கூறியிருந்தார். 1959இன் அடக்கமான குரல் அங்கே தளர்ந்து, மூச்சு வாங்கி, சில இடங்களில் உடைந்தும் ஒலிக்கிறது.